இழப்பில் விளையும் இனிப்பு

ஒயின் அருந்துவோரிடையே ஓர் எண்ணம் பரவலாக உண்டு. இனிப்பு ஒயின் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உரியது, ரசனை தேறத் தேற நாக்கு அதைக் கடந்துவிடும் என்பார்கள். இதனால் விருந்தில் இனிப்பு ஒயினைக் கேட்பவர் சற்றுத் தயங்கித்தான் கேட்கிறார். வரலாறு இந்த எண்ணத்துக்கு நேர்மாறாக நிற்கிறது. 1855-இல் பாரிஸ் கண்காட்சிக்காக போர்தோ ஒயின்களைத் தரவரிசைப்படுத்தினார்கள். அந்தப் பட்டியலில் இடம்பெற்ற வெள்ளை ஒயின்கள் அத்தனையும் சோத்தேர்ன், பர்சாக் பகுதிகளின் இனிப்பு ஒயின்கள். அவற்றுள் ஷாத்தோ டீக்கெம் மட்டும் தனி வகுப்பாக எல்லாவற்றுக்கும் மேலே வைக்கப்பட்டது. ஹங்கேரியின் டோக்கை ஒயினுக்காக 18-ஆம் நூற்றாண்டில் ரஷ்ய அரச குடும்பம் தன் ஆட்களை அங்கேயே தங்கவைத்துக் கொள்முதல் செய்தது. செயின்ட் ஹெலினா தீவில் சிறைப்பட்டிருந்த நெப்போலியனுக்குத் தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்டன்ஷியா இனிப்பு ஒயின் கப்பலில் போனது.

இவ்வளவு மதிப்பு இருந்த ஒரு பானம் எப்படிக் கீழிறங்கியது? அதை மீண்டும் அறிந்து ரசிக்க என்ன வேண்டும்? இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் கிடைக்கும் என்பது என் கருத்து. ஒரு இனிப்பு ஒயினைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தச் சர்க்கரை எப்படி மிஞ்சியது? அதன் விலையும் மணமும் ஆயுளும் பரிமாறும் முறையும் இந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தவை.

சர்க்கரை ஏன் மிஞ்சுகிறது

திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் உண்டு ஆல்கஹாலாக மாற்றுவதே நொதித்தல். ஒரு லிட்டர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை கரைந்தால் 1 சதவீத ஆல்கஹால் உண்டாகும். சாதாரணமாகப் பழுத்த திராட்சையில் லிட்டருக்கு 200 முதல் 240 கிராம் வரை சர்க்கரை இருக்கும். ஈஸ்ட் அது முழுவதையும் தின்று முடிக்க, 12 முதல் 14 சதவீத ஆல்கஹால் கொண்ட இனிப்பற்ற ஒயின் கிடைக்கிறது.

சர்க்கரை மிஞ்ச வேண்டுமானால் இரண்டில் ஒன்று நடக்க வேண்டும். ஈஸ்டால் தின்று தீர்க்க முடியாத அளவுக்குச் சாறு செறிவாக இருக்கலாம். லிட்டருக்கு 350 கிராம் சர்க்கரை உள்ள சாறு என்றால், 14 சதவீத ஆல்கஹாலில் ஈஸ்ட் களைத்து நிற்கும்போது 110 கிராமுக்கு மேல் எஞ்சிவிடும். அல்லது, நொதித்தலை மனிதர் பாதியில் நிறுத்தலாம்.

முதல் வழியில் செறிவு வருவது நீரை இழப்பதால். பூஞ்சை உறிஞ்சலாம், வெயில் உலர்த்தலாம், பனி உறைய வைக்கலாம். எந்த வழியானாலும் பழம் சுருங்குகிறது, சாறு குறைகிறது, விவசாயிக்குக் கிடைக்கும் புட்டிகளின் எண்ணிக்கை சரிகிறது. கிறிஸ்துமஸுக்கு வீட்டு ஜாடியில் திராட்சையோடு சர்க்கரை போட்டுச் செய்யும் ஒயினுக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். அதில் இனிப்பு வெளியிலிருந்து சேர்கிறது. இவற்றில் பழத்துக்குள் இருந்ததே திரண்டு நிற்கிறது. சர்க்கரையோடு சேர்ந்து புளிப்பும் மணமும்கூடத் திரள்வதால்தான் சுவைக்கு ஆழம் வருகிறது.

பூஞ்சையின் கொடை

போட்ரைடிஸ் சினேரியா என்ற பூஞ்சை தோட்டக்காரருக்குப் பெரும்பாலும் எதிரி. ஈரம் விடாமல் நீடித்தால் அது குலையையே அழித்துவிடும். காலையில் மூடுபனியும் பகலில் வெயிலும் காற்றும் மாறி மாறி வரும் சில இடங்களில் மட்டும் அதே பூஞ்சை வேறு விதமாக நடந்துகொள்கிறது. பழுத்த திராட்சையின் தோலில் நுண்ணிய துளைகளிட்டு உள்ளே போகிறது. பகல் வெயிலில் அந்தத் துளைகள் வழியே நீர் ஆவியாகிறது. பழம் ஊதா கலந்த பழுப்பாகி, சுருங்கி, சாம்பல் பூத்துப் பார்க்கவே அருவருப்பாக ஆகிறது. உள்ளே சர்க்கரையும் அமிலமும் திரள்கின்றன. கிளிசரால் கூடி வழவழப்புச் சேர்கிறது. தேன், உலர்ந்த ஆப்ரிகாட், ஆரஞ்சுத் தோல் மர்மலேடு, குங்குமப்பூ போன்ற மணங்கள் பிறக்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் இதை ‘உன்னத அழுகல்’ என்கிறார்கள்.

போர்தோ நகருக்குத் தெற்கே உள்ள சோத்தேர்னில் இந்த மூடுபனியைத் தருவது சிரோன் என்ற சிற்றாறு. மர நிழலில் குளிர்ந்து வரும் அதன் நீர், வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்கும் இடத்தில் இலையுதிர்கால விடியல்களில் பனி எழுகிறது. செமியோன், சோவின்யோன் பிளாங்க், மஸ்கடெல் ஆகிய திராட்சைகள் அங்கே வளர்கின்றன. தோல் மெலிந்த செமியோன் பூஞ்சைக்கு எளிதில் இடம் கொடுக்கும். பூஞ்சை எல்லாப் பழத்தையும் ஒரே நாளில் பிடிப்பதில்லை. அதனால் அறுவடைக்காரர்கள் வாரக்கணக்கில் அதே வரிசைகளுக்குத் திரும்பத் திரும்ப வந்து, பதம் வந்த பழத்தை மட்டும் கிள்ளி எடுக்கிறார்கள். மற்ற இடங்களில் ஒரு கொடியிலிருந்து ஒரு புட்டி ஒயினோ அதற்கு மேலோ கிடைக்கும். டீக்கெமில் ஒரு கொடிக்கு ஒரு கோப்பை என்பது வழக்கில் உள்ள கணக்கு. பருவம் சரியில்லாத ஆண்டில் அந்தத் தோட்டம் தன் பெயரில் இனிப்பு ஒயினே வெளியிடாது. 1972, 1974, 1992, 2012 ஆகிய ஆண்டுகளுக்கு டீக்கெம் கிடையாது. ஓராண்டு உழைப்பு முழுவதையும் கைவிடும் அந்த முடிவுதான் மற்ற ஆண்டுகளின் தரத்துக்கு உத்தரவாதம். நல்ல ஆண்டின் ஒயினோ நூற்றாண்டைத் தாண்டும். 1811-ஆம் ஆண்டின் டீக்கெம் புட்டி ஒன்று 2011-இல் 75,000 பவுண்டுக்கு விற்றது.

ஹங்கேரியின் வடகிழக்கில் உள்ள டோக்கைக்கு இதைவிட நீண்ட மரபு உண்டு. போட்ரோக், டிஸா ஆறுகள் கூடும் அந்த மலைச்சரிவுகளின் எல்லையை அரசாணை 1737-லேயே வரையறுத்துவிட்டது. அங்கே முதன்மையான திராட்சை ஃபுர்மின்ட். தாமதமாகப் பழுக்கும், புளிப்பு மிகுந்த வகை அது. பூஞ்சை பிடித்துச் சுருங்கிய பழங்களை ‘அசூ’ என்கிறார்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பறித்து, சாற்றிலோ ஒயினிலோ ஊறவைத்துப் பிழிவது டோக்கையின் தனிமுறை. 136 லிட்டர் பீப்பாய்க்குச் சுமார் 25 கிலோ கொள்ளும் கூடையால் எத்தனை கூடை அசூ சேர்த்தார்கள் என்ற எண்ணே பழைய காலத்தில் இனிப்பின் அளவுகோல். இன்றைய சட்டப்படி டோக்கை அசூவில் லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை எஞ்சியிருக்க வேண்டும்.

அசூ பழங்களைக் குவித்து வைக்கும்போது, பிழியாமலே, தம் எடையாலேயே சொட்டும் சாறு ‘எசென்சியா’. லிட்டருக்கு 450 கிராமுக்கும் மேல் சர்க்கரை கொண்ட அந்தச் சாற்றில் ஈஸ்ட் மூச்சுத் திணறித்தான் வேலை செய்கிறது. பல ஆண்டுகள் நொதித்தும் ஆல்கஹால் 5 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. அதைக் கரண்டியில் எடுத்துச் சுவைப்பார்கள். கம்யூனிச ஆட்சியில் அளவே குறியாக இருந்ததில் டோக்கை தன் தரத்தை இழந்தது. 1990-க்குப் பின் வெளிநாட்டு முதலீடும் உள்ளூர்க் குடும்பங்களின் முயற்சியும் சேர்ந்து அதை மீட்டன. 2002-இல் யுனெஸ்கோ அந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஜெர்மனியில் இந்த மரபு தாமத அறுவடையிலிருந்து வளர்ந்தது. 1775-இல் யோஹானிஸ்பெர்க் மடத்துத் தோட்டத்துக்கு அறுவடை அனுமதியோடு வர வேண்டிய தூதர் வெகுநாள் தாமதித்தார் என்றும், அதற்குள் பூஞ்சை பிடித்த பழங்களை வேறு வழியின்றிப் பிழிந்தபோது அருமையான ஒயின் கிடைத்தது என்றும் அங்கே சொல்கிறார்கள். இன்று ஜெர்மானியச் சட்டம் பழத்தின் பழுத்த நிலையைக் கொண்டு ஒயினைப் படிப்படியாக வகுக்கிறது. பூஞ்சையால் ஏறக்குறைய உலர் திராட்சையாகிவிட்ட பழங்களை மட்டும் பொறுக்கிச் செய்யும் ட்ரோக்கன்பேரன்அவுஸ்லேசே அதன் உச்சி.

வெயிலும் பனியும்

பழத்தை வெயிலில் உலர்த்துவதுதான் எல்லாவற்றிலும் பழைய முறை. ஏறக்குறைய 2,700 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்கக் கவிஞர் ஹெசியோட், பறித்த குலைகளைப் பத்து நாள் வெயிலிலும் ஐந்து நாள் நிழலிலும் வைத்துப் பிறகு பிழியும்படி உழவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். சைப்ரஸ் தீவின் கொமான்டாரியா இன்றும் அந்த வழியில்தான் உருவாகிறது. சிலுவைப்போர் வீரர்களின் காலத்தில் வந்த பெயரோடு இன்றுவரை விற்பனையில் இருக்கும் ஒயின் அது. இத்தாலியின் டஸ்கனியில் பழத்தைப் பரண்களில் தொங்கவிட்டும் பாய்களில் பரப்பியும் குளிர்காலம் வரை உலரவிடுகிறார்கள். பிழிந்த சாறு சிறு பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்து, கொட்டை மணம் கொண்ட வின் சான்டோ ஆகிறது. ஸ்பெயினின் தெற்கே பேத்ரோ ஹிமேனெஸ் திராட்சையை வெயிலில் காயவைத்துச் செய்யும் ஒயின் கறுத்துப் பாகு போலவே ஊற்றும். அத்தியும் பேரீச்சையும் நாக்கில் ஒட்டும்.

சிசிலிக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையில் உள்ள பான்டெல்லேரியா தீவின் ஒயின் தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமானது. அங்கே உலர்த்தப்படும் திராட்சை அலெக்சாண்டிரியா மஸ்கட். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் வகையைச் சேர்ந்தது. அதன் பெற்றோரில் ஒன்று இதே அலெக்சாண்டிரியா மஸ்கட். ரோஜாவை நினைவூட்டும் அந்த மணத்துக்குக் காரணமான லினலூல், ஜெரானியால் போன்ற சேர்மங்கள் மஸ்கட் குடும்பத்துக்கே பொதுவானவை. தேனிச் சந்தையில் பன்னீர் திராட்சையை முகர்ந்த எவருக்கும் மஸ்கட் ஒயினின் மணம் ஏற்கெனவே பாதி தெரியும். உலகின் பெரும்பாலான ஒயின்களில் பழத்தின் மணம் நொதித்தலில் உருமாறிவிடுகிறது. மஸ்கட்டில் அது அப்படியே தங்குகிறது.

பனியின் வழி வெயிலுக்கு எதிர்த்திசையில் போகிறது. டிசம்பர், ஜனவரி வரை பழத்தைக் கொடியிலேயே விட்டு, வெப்பநிலை ஜெர்மனியில் பூஜ்யத்துக்குக் கீழே 7 டிகிரிக்கும், கனடாவில் 8 டிகிரிக்கும் இறங்கிய இரவில் பறிக்க வேண்டும். உறைந்த பழத்தை உறைந்தபடியே பிழிந்தால் நீர் பனிக்கட்டியாகப் பின்தங்கிவிட, செறிந்த சாறு மட்டும் சொட்டும். இங்கே பூஞ்சைக்கு இடமில்லை என்பதால் பழத்தின் தூய மணமும் கூர்மையான புளிப்பும் மாறாமல் வருகின்றன. 1991-இல் கனடாவின் நயாகரா பகுதி ஐஸ்வைன் ஒன்று போர்தோவின் வினெக்ஸ்போ கண்காட்சியில் உயரிய விருது பெற்றதும் உலகம் அந்தப் பக்கம் திரும்பியது.

பாதியில் நிறுத்திய நொதித்தல்

இரண்டாம் வழியில், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று முடிக்கும் முன்னே திராட்சைச் சாராயத்தை ஊற்றி அதைக் கொன்றுவிடுகிறார்கள். தென் பிரான்ஸில் 13-ஆம் நூற்றாண்டில் மோன்பெலியே மருத்துவ அறிஞர் ஆர்னோ தெ வில்நெவ் இம்முறையை வகுத்ததாக மரபு சொல்கிறது. பனியுல்ஸ், மோரி, ரிவ்சால்ட் ஊர்களின் ஒயின்கள் அதன் வாரிசுகள்.

இம்முறையில் புகழ்பெற்றது போர்ச்சுகலின் போர்ட். டோரோ பள்ளத்தாக்கின் செங்குத்தான கற்சரிவுகளில் விளைந்த பழம் நொதிக்கத் தொடங்கி, சர்க்கரையில் பாதியளவு தீர்ந்ததும் 77 சதவீதச் சாராயம் சேர்க்கப்படுகிறது. ஏறக்குறைய நான்கு பங்கு ஒயினுக்கு ஒரு பங்கு. முடிவில் 20 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹாலும் லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரையும் நிற்கும். பொம்பால் பிரபு 1756-இல் இந்தப் பகுதிக்கு எல்லை வகுத்து, கலப்படத்தைத் தடுக்க விதிகள் செய்தார். ரூபி, வின்டேஜ் வகைகள் கருஞ்சிவப்பும் பழச்சுவையும் துவர்ப்பும் கொண்டவை. டானி வகை பீப்பாயில் 10, 20, 30, 40 ஆண்டுகள் காற்றோடு பழகி, நிறம் வெளுத்து, வறுத்த கொட்டைகளின் மணம் பெறுகிறது.

மதீராவின் கதை தனி. மதீரா தீவிலிருந்து வெப்ப மண்டலம் வழியே கப்பலில் போன ஒயின் வெயிலில் வெந்து கெடுவதற்குப் பதிலாக மேம்பட்டது. இன்று அந்த வெப்பத்தைக் கிடங்கிலேயே தருகிறார்கள். ஏற்கெனவே வெந்தும் காற்றேறியும் முதிர்ந்துவிட்டதால் அதைக் கெடுக்க இனி எதுவும் மிச்சமில்லை. நூறாண்டு கடந்த மதீராக்கள் இன்றும் அருந்தும் நிலையில் உள்ளன.

சாராயம் சேர்க்காமலும் நிறுத்தலாம். இத்தாலியின் மோஸ்காத்தோ தாஸ்தி, நொதித்தல் 5 சதவீதத்தை ஒட்டும்போதே குளிரவைத்து, ஈஸ்டை வடிகட்டி அடைத்த மென்னுரை ஒயின். இளமையிலேயே குடித்துவிட வேண்டியது.

புளிப்பைச் சுவைக்கப் பழகுதல்

இனிப்பு ஒயினை மதிப்பிடும்போது நாக்கு முதலில் சர்க்கரையை அறிகிறது. பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்த நொடி. நல்ல சோத்தேர்னில் லிட்டருக்கு 120 முதல் 150 கிராம் வரை சர்க்கரை இருக்கும். கடையில் விற்கும் கோலா பானத்தில் இருப்பதைவிட இது அதிகம். அப்படியிருந்தும் தொண்டையில் ஒட்டாமல், விழுங்கியதும் வாய் தெளிந்து அடுத்த மிடறைக் கேட்கிறதென்றால், அதற்கு அமிலமே காரணம். அமிலம் குறைந்த இனிப்பு ஒயின் முதல் மிடறில் கவரும், மூன்றாவதில் திகட்டும். ஜெர்மனியின் மோசெல் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் திராட்சையில் செய்யும் அவுஸ்லேசே 7, 8 சதவீத ஆல்கஹாலோடு இறகாக நிற்பதும், டோக்கை அசூ அத்தனை அடர்த்தியிலும் துள்ளுவதும் புளிப்பின் பலத்தால்தான்.

அதனால் மூன்றைப் பார்க்கச் சொல்வேன். முதலில், விழுங்கியபின் வாயில் எஞ்சுவது சர்க்கரையின் பிசுபிசுப்பா, மணமா? அடுத்து, அந்த மணம் ஒன்றேயா, நொடிக்கு நொடி மாறுகிறதா? கடைசியாக, எவ்வளவு நேரம் நீடிக்கிறது? பெரிய சோத்தேர்ன் விழுங்கி ஒரு நிமிடம் கழிந்தும் வாயில் இருக்கும். வயது ஏற ஏறப் பொன்னிறம் அம்பராகிறது. சர்க்கரையின் அளவு குறைவதில்லை. ஆனாலும் இனிப்பு உள்ளடங்கி, கேரமலும் தேயிலையும் காய்ந்த பழமும் மேலே வருகின்றன.

கோப்பையும் தட்டும்

சோத்தேர்ன், டோக்கை, ஐஸ்வைன் ஆகியவற்றை 8 முதல் 12 டிகிரி வெப்பநிலையிலும், டானி போர்ட்டை 12 முதல் 14 டிகிரியிலும் பரிமாறலாம். மிகவும் குளிர்ந்தால் மணம் உறங்கிவிடும், வெதுவெதுத்தால் இனிப்பு முன்னால் வந்து திகட்டும். ஒருவருக்கு 60 முதல் 75 மில்லி போதும். இவை பெரும்பாலும் 375 அல்லது 500 மில்லி புட்டிகளில் வருவதும் அதனால்தான். திறந்த சோத்தேர்ன் குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். டானி சில வாரங்கள், மதீரா மாதக்கணக்கில். வின்டேஜ் போர்ட்டை மட்டும் இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும். இவற்றில் மதுவும் சர்க்கரையும் சேர்ந்தே இருப்பதால் நீரிழிவு உள்ளவர்கள் விலகியிருப்பதே நல்லது.

உணவோடு சேர்ப்பதில் ஒரே ஒரு விதி உறுதியானது. தட்டில் உள்ள இனிப்பைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும். மாறினால் ஒயின் புளித்து வெறிச்சோடும். சர்க்கரைப் பாகில் ஊறிய பலகாரங்களோடு பெரும்பாலான டெசர்ட் ஒயின்கள் தோற்பது இதனால்தான். பழங்கள், பாதாம் கேக், அதிகம் இனிக்காத பால் இனிப்புகள் ஆகியவை பொருந்தும். கசப்புச் சாக்லேட்டுக்கு பனியுல்ஸும் ரூபி போர்ட்டும் ஈடுகொடுக்கும்.

உப்போடு சேரும்போதுதான் இனிப்பு ஒயின் முழு வீரியத்தையும் காட்டுகிறது. ரோக்ஃபோர் நீலப் பாலாடைக்கட்டியோடு சோத்தேர்ன், ஸ்டில்டனோடு போர்ட், உப்பிட்டு வறுத்த முந்திரி, பாதாமோடு டானி. உப்பு ஒயினின் பழச்சுவையைத் தூக்க, ஒயின் உப்பின் கூர்மையை அடக்குகிறது. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் தூண்டும், இனிப்பு தணிக்கும். ஆகவே காரமான உணவுக்கு ஆல்கஹால் குறைந்த இனிப்பு ரீஸ்லிங் நல்ல துணை. டெசர்ட் ஒயின் என்ற பெயரைப் பார்த்து அதை விருந்தின் கடைசியில் மட்டும் அடைத்துவைக்கத் தேவையில்லை.

சரிவும் அதன் காரணங்களும்

முதல் காரணம் மலிவான போலிகள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நொதிக்காத சாற்றைக் கலந்து இனிப்பாக்கிய நீர்த்த ஒயின்கள் ஜெர்மனியிலிருந்து பெருமளவில் ஏற்றுமதியாயின. இனிப்பு என்றாலே தரக்குறைவு என்ற எண்ணம் அவற்றால் வேரூன்றியது. அடுத்தது 1985-இல் ஆஸ்திரியாவில் வெடித்த ஊழல். ஒயினுக்கு இனிப்பும் திண்மையும் இருப்பதாகக் காட்ட, டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இரசாயனத்தைச் சில வணிகர்கள் கலந்தது வெளிப்பட்டதும் நாட்டின் ஏற்றுமதியே சரிந்தது. அதே ஆண்டில் கடுமையான சட்டம் வந்தது. நோய்சீட்லர் ஏரிக்கரையில் ஆலோயிஸ் கிராகர் போன்றவர்கள் பூஞ்சை ஒயின்களால் உலக மதிப்பை மீட்டார்கள். சர்க்கரையையே அஞ்சும் இன்றைய உணவுப் பழக்கமும் தேவையைக் குறைத்திருக்கிறது. சோத்தேர்ன் தோட்டங்கள் பல இனிப்பற்ற வெள்ளை ஒயினையும் கூடுதலாகச் செய்கின்றன.

தட்பவெப்பமும் துணை நிற்கவில்லை. 2019-ஆம் ஆண்டின் ஐஸ்வைன் அறுவடை, குளிர்காலம் போதிய அளவு குளிராததால், ஜெர்மனி முழுவதும் பொய்த்தது. பனியை நம்பிக் கொடியில் விட்ட பழம் வீணாவது விவசாயிக்கு நேரடி நட்டம். இத்தகைய ஆண்டுகள் அடுக்கி வந்தால் அந்தத் துணிச்சல் தொடராது.

இந்த மரபின் இருண்ட பக்கத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஐரோப்பிய அரசவைகள் கொண்டாடிய கான்ஸ்டன்ஷியா, 1685-இல் டச்சு அதிகாரி சைமன் வான் டெர் ஸ்டெல் பெற்ற நிலத்தில் தொடங்கி அடிமைகளின் உழைப்பில் வளர்ந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கேப் பகுதிக்குக் கொண்டுபோன அடிமைகளில் சோழமண்டலக் கரையிலிருந்தும் மலபாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் பிடிபட்டவர்கள் இருந்தார்கள். அந்த ஒயினின் புகழைப் பேசும்போது அவர்களையும் பேசுவதுதான் நியாயம்.

எங்கிருந்து தொடங்கலாம்

முதன்முறை சுவைப்பவர் மோஸ்காத்தோ தாஸ்தி, பத்தாண்டு டானி போர்ட், அரைப்புட்டி சோத்தேர்ன் அல்லது டோக்கை அசூ ஆகியவற்றை நண்பர்களோடு பகிர்ந்து அருகருகே சுவைத்துப் பார்க்கலாம். முதலாவதில் குளிர் நிறுத்திய சர்க்கரை, இரண்டாவதில் சாராயம் காத்த சர்க்கரை, மூன்றாவதில் பூஞ்சை திரட்டிய சர்க்கரை. எப்படி மிஞ்சியது என்ற கேள்வியோடு அருந்தும்போது இவை மூன்றும் இனிப்பு என்ற ஒரே சொல்லில் அடங்காதவை என்பது ஒரு மாலையிலேயே விளங்கிவிடும்.

இந்த ஒயின்களின் எதிர்காலம் அருந்துவோரின் கையில் இருக்கிறது. பழத்தை இரண்டு மாதம் கூடுதலாகக் கொடியில் விட்டு, பறவைக்கும் மழைக்கும் அழுகலுக்கும் ஒரு பங்கைக் கொடுத்து, மிஞ்சியதை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கும் உழைப்புக்கு விலை கிடைக்காவிட்டால், விவசாயி அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே பறித்துவிடுவார். எந்தப் பழம் இன்று பறிக்கத் தக்கது, எது நாளை என்று கண்டறியும் கண் ஏட்டில் இல்லை; வரிசைக்கு வரிசை நடந்து, மூத்தவரிடமிருந்து இளையவர் கற்பது. இனிப்பு ஒயினைத் தொடக்கக்காரரின் பானம் என்று ஒதுக்குவது ஒரு ரசனைப் பிழை என்பதோடு நிற்கவில்லை. அந்த அறிவையும் அது தலைமுறையோடு சேர்த்து அழியவிடுகிறது.